வைக்கோலுக்கு இட்ட தீ

மாசி மாதத்தில் பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்ததும் நம் கரைவாகுப் பகுதியின் மேல்வானம் அழுக்கேறிவிடுகிறது. சம்மாந்துறையிலிருந்து நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை பரந்துகிடக்கும் வட்டைகளில் அறுவடை இயந்திரம் வரிசை வரிசையாக உதறிவிட்டுப் போன வைக்கோலுக்குத் தீ வைக்கிறார்கள். இரவானதும் தரைக்காற்று அப்புகையைக் கரையூர்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. காலையில் பாடசாலை கூடும் வேளையிலும் அது விலகுவதில்லை. முதலாம் பாடத்தில் நான் இலக்கணம் நடத்த, பிள்ளைகள் இருமுகிறார்கள். யன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் புகை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தகப்பனாரிடம் இதுபற்றிச் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். குத்தகைக்கு நாலு ஏக்கர் செய்பவர் அவர். என் கேள்வியில் இருந்த படித்த மனிதனின் மிடுக்கை அவர் கண்டிருக்க வேண்டும். அவர் கோபிக்கவில்லை.

"மாஸ்டர், இந்த வைக்கல அள்ளி ஒதுக்கிப் போட ஏக்கருக்கு நாலு கூலியாள் வேணும். ஆருக்கிட்டக் காசிருக்கு? எங்களுக்கு மலிவாக் கிடைக்கிற சாமான் நெருப்புப்பெட்டி ஒண்டுதான்" என்றார்.

அன்று எனக்கு மறுமொழி வரவில்லை. இக்கட்டுரையை அவருக்குரிய மறுமொழியாகவும், அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோருக்குரிய எதிர்மொழியாகவும் எழுதுகிறேன்.

இப்பொழுது கொழும்பிலும் அதைப் பார்த்து மாவட்டத் தலைநகரங்களிலும் "வட்டப் பொருளாதாரம்" என்றொரு சொல் புழங்குகின்றது. எடுத்து, ஆக்கி, எறிந்துவிடும் பழைய உற்பத்தி முறையை ஒழித்து, ஒன்றின் கழிவை மற்றொன்றின் மூலப்பொருளாக்கி, காபனைக் குறைத்து, கைத்தொழிலையும் வழங்கல் சங்கிலியையும் வட்டமாக வளைத்துவிட வேண்டுமாம். கருத்து நல்லதே, அதில் எனக்குப் பிணக்கில்லை. அத்தகைய கருத்தரங்கு ஒன்றுக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். குளிரூட்டிய மண்டபம். திரையில் பச்சை அம்புகள் ஒன்றன் வாலை ஒன்று கௌவிக்கொண்டு சுழன்றன. ஒவ்வொருவர் முன்னும் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். பேசியவர்கள் நுகர்வோரின் மனப்பாங்கு பற்றியும் விழிப்புணர்வு பற்றியும் பேசினார்கள். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, செலவை ஏற்பவர் யார் என்ற பேச்சு மருந்துக்கும் எழவில்லை. அம்புக்குறிகளைச் சுழற்றுவதற்கு யாருக்கும் கூலி கொடுக்கவேண்டியதில்லை. வைக்கோலை அள்ளுவதற்குக் கொடுக்கவேண்டும்.

தமிழ் படித்தவனுக்கு உரத்தைப்பற்றி என்ன தெரியும் என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவைக்கிறேன். ஒரு தொன் நெல் விளையும் வயலில் ஏறத்தாழ ஒரு தொன் வைக்கோலும் விளைகின்றது. பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய பொற்றாசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் தங்குகின்றது. நைதரசனில் ஐந்தில் இரண்டு பங்கும் பொசுபரசில் மூன்றிலொரு பங்கும் அங்கேயே நிற்கின்றன. தீ வைத்தால் நைதரசன் முழுவதும் வானேறிவிடும். சாம்பலில் எஞ்சியதில் ஒரு பகுதியை முதல் மழை வாய்க்காலுக்கு அடித்துச் சென்றுவிடும். இவ்வாறு இழந்த நைதரசனைத்தான், எங்கோ ஒரு தேசத்தில் இயற்கை வாயுவை எரித்து, உயர்ந்த அமுக்கத்தில் காற்றிலிருந்து பிரித்தெடுத்து, யூரியாவாக்கி, கப்பலேற்றி, டொலர் கொடுத்து வாங்கி, அதே வயலில் திரும்பவும் வீசுகிறோம். உலகின் அமோனியாத் தொழில் ஒன்றே மனிதன் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கை வெளிவிடுகின்றது. சம்மாந்துறை வயலிற் கிளம்பும் புகைக்கும் அத்தொழிற்சாலைப் புகைபோக்கிக்கும் உள்ள உறவை உணர்ந்துவிட்டால், காபன் பிரச்சினை நம் களவெட்டிக்குள்ளேயே கிடப்பது விளங்கும்.

இவ்விடத்தில் முற்போக்கு அணியிலேயே உள்ள என் நண்பர் ஒருவர் குறுக்கிடுகிறார். "இவையெல்லாம் மேனாட்டார் கவலைகள். புகைத்தவன் அவன், அணைக்கவேண்டியவனும் அவனே. நமது பிரச்சினை சோறு" என்பது அவர் வாதம். அதில் பாதி உண்மை. ஐக்கிய அமெரிக்காவில் ஆளொருவருக்கு ஆண்டுக்குப் பதினான்கு தொன்னளவில் காபனீரொட்சைட்டு வெளிவர, இலங்கையில் அது ஒரு தொன்னளவையே ஒட்டி நிற்கின்றது. கடன்பட்டவன் அவன்தான் என்பதில் ஐயமில்லை. ஆயின் நண்பர் ஒன்றை மறந்துவிடுகிறார். உரம் வாங்க டொலர் இல்லாதபோது சோறும் இல்லாமற்போகும் என்பதை நாம் நூலிற் படித்து அறிந்தவர்களல்லர், அனுபவித்து அறிந்தவர்கள்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே வர்த்தமானியில் தடுத்து நிறுத்தியது. பத்தாண்டில் படிப்படியாகச் சேதன வேளாண்மைக்கு மாறுவோம் என்று 2019 ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதியவர்களே, பத்தாண்டை ஒரு போகத்துக்குள் அடைக்கப் புறப்பட்டார்கள். மண்ணின்மேலும் மக்களின் உடல்நலத்தின்மேலும் கொண்ட காதலே காரணம் என்று கூறப்பட்டது. கருவூலத்தில் டொலர் வற்றிக்கொண்டிருந்த காலம் அது என்பதைச் சொன்னவர்கள் தேசத் துரோகிகளாயினர். அம்பாறைக் கமக்காரர் கமநல சேவை நிலையங்களின் முன் கூடி நின்று கேட்டது என்ன? சேதனப் பசளை வேண்டாம் என்றா? இல்லை. "எங்கே அது?" என்றே கேட்டார்கள்.

அது கப்பலில் வந்துகொண்டிருந்தது! சீனத்திலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையை ஏற்றிக்கொண்டு "ஹிப்போ ஸ்பிரிட்" என்ற கப்பல் புறப்பட்டது. மாதிரியில் தீங்கான நுண்ணுயிர்கள் உள்ளன என்று தாவரத் தடுப்புக்காப்புச் சேவை அறிவிக்க, கம்பனி அதை மறுக்க, கப்பல் மாதக்கணக்கில் கடலில் அலைந்தது. ஈற்றில் ஒரு கூடை பசளையும் கரையிறங்காமலே, 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 69 இலட்சம் டொலரை இலங்கை செலுத்தியது. இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் ஆகாய விமானத்தில் வந்திறங்கியது. சேதனப் பசளைக்காகச் சீனத்துக்குக் கப்பல் அனுப்பிய அந்த ஆண்டிலும் நமது வட்டைகளில் வைக்கோல் எரிந்துகொண்டுதான் இருந்தது. வட்டப் பொருளாதாரத்தின் பெயரால் கடல் கடந்து வட்டமிட்ட வேறொரு நாட்டை நான் அறியேன்.

நவம்பரில் தடை தளர்ந்தது. பெரும்போகம் அதற்குள் விதைத்தாயிற்று. அறுவடை வீழ்ந்தது. நெல்லில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு 2022 இல் அரிசிக் கப்பலை எதிர்பார்த்து நின்றது. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தினோம். யூலையில் சனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். அந்த வீழ்ச்சிக்கு உரம் ஒன்றே காரணமன்று. என் கவலை வேறு. அந்த ஒரே போகத்தின் முட்டாள்தனம் "சேதனம்" என்ற சொல்லையே கமக்காரனின் காதில் வசைச்சொல்லாக்கிவிட்டது. இன்று வயலில் கூட்டெரு என்று வாயெடுத்தாலே "திரும்பவும் வந்திற்றாங்க" என்கிறார்கள். நல்ல கருத்தொன்றைக் கொல்வதற்கு அதன் பகைவர் தேவையில்லை. அதிகாரத்தில் இருக்கும் அதன் பக்தர் போதும்.

மற்றொரு சாராருக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. "நம் முன்னோர் இவ்வட்டத்தை எப்போதோ அறிந்திருந்தனர், மீண்டும் அந்த வாழ்வுக்குத் திரும்புவோம்" என்று மேடைதோறும் உருகுவோர் அவர்கள். உண்மை. வைக்கோல் மாட்டுக்கு, சாணகம் வயலுக்கு, உமி அடுப்புக்கு, தவிடு கோழிக்கு என்று ஒரு வட்டம் இருந்தது. ஆனால் அந்த வட்டத்தைச் சுற்றியவன் யார்? விதைப்புக்கு முன்னரே போடியாரிடம் கடன் நெல் வாங்கி, வாடியிலே கிடந்து, மாடு சாய்த்துச் சூடு மிதித்து, களவெட்டியில் அளந்து முடிந்ததும் வெறுங்கையோடு வீடு திரும்பிய முல்லைக்காரன். அவனுடைய விடியாத இரவுகளின் மீதுதான் அந்தப் பசுமை வட்டம் சுழன்றது. அவன் மகன் உழவு இயந்திரத்தையும் அறுவடை இயந்திரத்தையும் கண்டு மகிழ்ந்தான் என்றால் அதில் பிழையென்ன? மாதக்கணக்கில் இழுத்த வேலை இரண்டு மணித்தியாலத்தில் முடிகின்றது. மாடு போயிற்று, மாட்டோடு சாணகமும், வைக்கோலின் தேவையும் போயின. வட்டம் அறுந்தது இங்கேதான். எருமைக் காலத்துக்குத் திரும்பி அதனை முடிய முடியாது. இயந்திரக் காலத்தில் அதை எப்படி முடிவது என்பதே கேள்வி.

அதற்குத் தடை இயந்திரம் இல்லாமையோ அறிவு இல்லாமையோ அன்று. வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் உலகெங்கும் உண்டு. பச்சை வைக்கோலைத் தண்ணீர் நிற்கும் வயலில் அப்படியே உழுது அமிழ்த்தினால் மெதேன் வாயு பெருகும். அது காபனீரொட்சைட்டைவிடக் கொடியது. ஆதலால் குவித்து மக்கவைத்தோ, நீர் கட்டுமுன் போதிய நாள் விட்டோ சேர்க்கவேண்டும் என்பதும் விவசாயப் போதனாசிரியர்கள் அறிந்ததே. தடை வேறிடத்தில் இருக்கின்றது. கூட்டெருவின் பயன் ஒரு போகத்தில் தெரிவதன்று. மூன்று நான்கு போகம் கழிந்த பின்னரே மண் மாறும். என் மாணவனின் தகப்பனாருக்கு அந்த நாலு ஏக்கர் இந்தப் போகத்துக்குத்தான். அடுத்த போகம் அது எவர் கைக்குப் போகுமென்று அவருக்குத் தெரியாது. தாம் கூலி கொடுத்துக் குவித்த எருவின் பலனை வேறொருவர் உண்ண, அதைக் காட்டி நிலச் சொந்தக்காரர் குத்தகையையும் உயர்த்த, இவர் ஏன் வைக்கோலை அள்ளவேண்டும்? நெருப்புப்பெட்டியை எடுத்தது அறியாமை அல்ல. அவருடைய நிலைமைக்கு அதுவே சரியான கணக்கு.

1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தைப் பிலிப் குணவர்தன கொண்டுவந்தபோது எதிர்த்தவர்கள் எவரோ, அவர்களே இன்றைய இந்தப் புகையின் மூதாதையர் என்று நான் துணிந்து சொல்வேன். குத்தகைக் கமக்காரனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றும், பயிர்ச்செய்கைக் குழுக்களில் அவனும் அமர்வான் என்றும் அச்சட்டம் சொல்லியது. நில உடைமையாளர் அதைச் சுற்றிப்போகப் பல வழிகளைக் கண்டனர். சட்டம் வருமுன்னரும் வந்தபின்னரும் எத்தனையோ பேர் வயலை இழந்தனர். பின்வந்த சட்டங்களும் எழுத்தில் உறுதியளித்தன. நடப்பில், வாய்ப்பேச்சுக் குத்தகை போகத்துக்குப் போகம் கைமாறுகின்றது. தனக்கு உரிமையில்லாத மண்ணை எவனும் பேணமாட்டான். பசுமைப் பொருளாதாரம் பேசும் அறிக்கைகளில் குத்தகை என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

வைக்கோல் கைத்தொழிலின் மூலப்பொருளாகவும் இருந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். வாழைச்சேனைக் காகித ஆலை 1956 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தின் திட்டம் அது. கிழக்கின் வயல்களில் வீணாகும் வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். என் வாப்பா படித்த காலத்து அப்பியாசக் கொப்பிகளில் நம் மாகாணத்து நெல்லின் தாள் இருந்திருக்கலாம் என்று எண்ணும்போது எனக்கு ஒருவகைப் பெருமை உண்டாகின்றது. அக்கரைப்பற்றில் விளைந்து, வாழைச்சேனையில் காகிதமாகி, கல்முனையில் எழுத்தாவது! ஆயினும் பெருமையோடு நின்றுவிடக் கூடாது. கூழாக்கிய பின் எஞ்சிய காரக் கறுப்பு நீர் வாவிக்குள் விடப்பட்டது. வைக்கோலில் சிலிக்கா மிகுதியாதலால் அந்நீரிலிருந்து காரத்தை மீட்பது கடினம். அதற்கான முதலீட்டை எந்த அரசாங்கமும் செய்யவில்லை. இறக்குமதிக் காகிதத்தின் போட்டியும் யுத்தமும் ஆலையைத் தின்றன. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட அவ்விடம் துருப்பிடித்துக் கிடந்து, 2021 இல் கழிவுத் தாளை மூலப்பொருளாகக் கொண்டு ஓரளவு மீள இயக்கப்பட்டது. கழிவுத் தாள் நல்லதே. வைக்கோலை ஏன் மறந்தோம்? இன்று கறுப்பு நீரைச் சுத்திகரிக்கும் முறைகள் உள்ளன. கூழாக்காமலே வைக்கோலை அழுத்திப் பலகை செய்யும் முறைகளும் உள்ளன. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் பொதிப்பெட்டி அட்டைக்கு நாம் கொடுக்கும் டொலரில் ஒரு பகுதியை ஓட்டமாவடியிலும் சம்மாந்துறையிலும் கூலியாக இறக்கலாம். தனியார் முதல் அதைச் செய்யாது. இலாபம் மெதுவாக வரும் இடத்துக்கு அது வருவதில்லை.

கைத்தறியைப்பற்றி நீண்டு எழுத இங்கு இடமில்லை. மருதமுனைத் தறிகள் மின்சாரம் வேண்டாதவை. இதைவிடக் குறைந்த காபனில் துணி நெய்ய எந்த மேனாட்டு அறிஞனாலும் முடியாது. 2004 சுனாமி அடித்துச் சென்ற தறிகளில் சில திரும்ப எழவேயில்லை. எழுந்தவற்றையும் விட்டு நெசவாளியின் மகன் வேறு வேலை தேடுகிறான். சூழலுக்கிசைந்தது என்று சீட்டு ஒட்டித் தலைநகரில் விற்கும் கடைக்காரருக்குச் சீட்டின் விலையும் கிடைக்கிறது. நெய்தவனுக்கு முழத்தின் கூலிதான்.

இனி, வட்டமாக வளையாத ஒன்றைப் பார்ப்போம். கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் ஒடுங்கிய மணற்கீற்றில் கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழ்கிறோம். குப்பை போட நம்மிடம் ஒரு முழ நிலம் இல்லை. சூழவுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை பள்ளக்காட்டில் காட்டோரமாகக் கொட்டப்பட்டது. அங்கே இருந்த மின்வேலியை 2014 இல் இடி தாக்கியது, அது திருத்தப்படவில்லை. சோறும் கறியும் ஒட்டிய பொலித்தீனைத் தின்று, எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் அங்கே மடிந்ததாக 2022 சனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. படங்களும் வந்தன. நம்மைப் பார்த்து உலகம் முகஞ்சுளித்தது. ஊரவர் நாகரிகமற்றவர், குப்பை பிரிக்கத் தெரியாதவர் என்று உள்நாட்டிலும் எழுதினார்கள்.

இறந்த யானையின் வயிற்றில் இருந்தது என்ன? பால்மா உறை, பிஸ்கற்று உறை, சோப்புத் தூள் உறை. இவற்றில் எதை நாம் செய்தோம்? பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய அந்த உறையைப் பிரித்தெடுக்க நம்மூரில் எவராலும் முடியாது. அது மீளச்சுழலாத வகையிலேயே பிறக்கின்றது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் வாங்கும் ஏழைக்குச் சின்னஞ்சிறு பொதியாக விற்று இலாபம் பெருக்குவது கம்பனி; உறையைச் சுமப்பது மாநகர சபைத் தொழிலாளி; தின்பது யானை; பழி ஊருக்கு. 2017 இல் சோற்றுத்தாள் தடுக்கப்பட்டது. 2021 மார்ச்சு 31 முதல் 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சிறு பொதிகள் தடுக்கப்பட்டன. ஆனால் உணவும் மருந்தும் அதற்கு விலக்கு. விலக்கின் வாசல் எவ்வளவு அகலமென்பதைப் பெட்டிக்கடையில் தொங்கும் சரங்களைக் கண்டால் விளங்கும். சாப்பாட்டுக்கடைக்காரனைப் பிடித்துத் தண்டம் அறவிட அதிகாரிகள் உண்டு. உறை செய்தவனிடம் உறைக்கு ஒரு சதமாவது முன்கூட்டியே அறவிட்டு, அதை அள்ளும் சபைக்குக் கொடுக்கும் சட்டம் எங்கே? செய்தவனே செலவேற்க வேண்டும் என்ற விதி ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அங்கே அவ்விதிக்குப் பணியும் கம்பனிகளே இங்கே நமக்கு விழிப்புணர்வுச் சுவரொட்டி அச்சிட்டுத் தருகின்றன.

நம்மவர் கைகளும் தூய்மையானவை என்று நான் கூறவரவில்லை. நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்கு உமி. புழுங்கல் ஆலைகள் அதை எரித்து நீராவி எடுக்கின்றன, நன்று. எஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சீமெந்தோடு கலக்கவும் செங்கல்லுக்குச் சேர்க்கவும் உதவுவது. அதை இரவோடிரவாக வாய்க்கால் ஓரத்தில் கொட்டுகிற ஆலை முதலாளி எந்த வெளிநாட்டானும் அல்லர். பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் வாரி வழங்கும் வள்ளல் அவர். ஆதலால் நாம் வாய் திறப்பதில்லை. என் பாடசாலையின் புதுக் கட்டடத்திலும் அத்தகைய ஒருவரின் பெயர் பொறித்த கல் உண்டு. அதன் நிழலில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரும்போகத்துக்கு முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. கல்லோயா நீரை என்றைக்குத் திறப்பது, எந்த இன நெல்லை விதைப்பது, மாடுகளை எந்நாளில் வட்டையை விட்டு அகற்றுவது என்பனவெல்லாம் அங்கே முடிவாகின்றன. வைக்கோல் என்ற சொல் அக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் வருவதில்லை. இம்முறை அதை வரச்செய்ய வேண்டும். சுருட்டும் இயந்திரத்தைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் வாங்குமா, வட்டைக்கொரு எருக்கிடங்குக்குக் காணி எங்கே, அள்ளும் ஆளுக்குக் கூலியை உர மானியத்திலிருந்து பெயர்த்துக் கொடுக்கலாமா, குத்தகையை மூன்றாண்டுக்கு எழுத்தில் போட நிலச் சொந்தக்காரர் உடன்படுவாரா என்ற கேள்விகளைக் கமக்காரர் அமைப்பின் பேரால் எழுந்து நின்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குக் கூட்டத்தில் சலசலப்பு உண்டாகும். என் மாணவனின் தகப்பனார் தாம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நானும் இருக்கவேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. கூட்டம் பாடசாலை நேரத்தில் வைக்கப்பட்டால் அன்றைக்கு விடுமுறை எழுதிக்கொடுப்பேன்.